மைக்கொம்புச் சொற்கள்: ஆங்கில அருஞ்சொற்கள் வாக்கியத்தை வந்தடைந்த வரலாறு

ஆங்கிலத்தில் 'நொட்டோரியஸ்' என்றொரு சொல் உண்டு. 'பலராலும் அறியப்பட்ட' என்பது அதன் பொருள் என்று ஏதோ ஒரு பட்டியலில் மனனம் செய்த மாணவர் ஒருவர், தம் பேராசிரியரைப் புகழ்ந்தெழுதும் கடிதத்தில் அச்சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று கொள்வோம். பேராசிரியர் பலராலும் அறியப்பட்டவர்தாம். ஆகவே பொருளில் பிழையில்லை. ஆனால் ஆங்கிலேயர் அச்சொல்லைத் திருடனுக்கும் மோசடிக்காரனுக்கும் மட்டுமே வழங்குவர். கடிதத்தைப் படிப்பவர் சிரிப்பார். அச்சிரிப்புக்கு ஆளாகும் மாணவரோ தாம் படித்த பட்டியலுக்கு உண்மையாகவே நடந்துகொண்டவர்.

இப்படிப்பட்ட இடறல்களை நாம் வழக்கமாகப் படிப்பவரின் அரைகுறை அறிவென்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஆங்கில அகராதிகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. அருஞ்சொல்லின் பொருளைச் சொல்லித்தரும் நூல்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. அச்சொல்லை வாக்கியத்தில் எங்ஙனம் அமர்த்துவது என்று புதிதாகக் கற்பவனுக்குச் சொல்லித்தரும் அகராதி வருவதற்கு மேலும் ஏறத்தாழ முந்நூற்று நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் பாதி அறிவை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, மீதிப் பாதி இல்லையே என்று சிரித்த கதைதான் மிகுதி. அக்கதையை இக்கட்டுரையில் காண்போம்.

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். அச்சு இயந்திரம் வந்து நிலைபெற்றுவிட்டது. இலத்தீன், கிரேக்க நூல்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டன. மருத்துவம், சமயம், சட்டம், தத்துவம் ஆகிய துறைகளை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தவர்களுக்குச் சொற்பஞ்சம் ஏற்பட்டது. அவர்கள் இலத்தீன் சொற்களின் ஈற்றைச் சற்றே திருத்தி ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தனர். அக்காலத்தில் எழுத்தர்கள் மையை விலங்கின் கொம்பாலான சிறு குப்பியில் வைத்திருந்தனர். பேச்சில் வழங்காமல், அந்த மைக்கொம்பிலிருந்து மட்டுமே பிறந்த சொற்கள் என்னும் பொருளில் இப்புதுச் சொற்களை 'இங்க்ஹார்ன்' சொற்கள் என்று எள்ளினர். நாம் மைக்கொம்புச் சொற்கள் என்போம்.

எள்ளியவர்களில் முதன்மையானவர் தாமஸ் வில்சன். 1553இல் வெளிவந்த தம் அணியியல் நூலில் அவர் ஒரு கேலிக் கடிதத்தை அமைத்துக் காட்டினார். லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஒருவர், காலியாக உள்ள ஒரு தேவாலயப் பதவியை வேண்டிப் பெரிய மனிதர் ஒருவருக்கு எழுதுவதாக அது அமைந்திருந்தது. வரிக்கு வரி இலத்தீன் சொற்கள். வேலை வேண்டி விண்ணப்பிப்பவன் தன் கல்வியைச் சொல்லாடம்பரத்தால் காட்ட முயல்வதும், அது பல்லிளிப்பதும் எவ்வளவு பழைய கதை என்பதற்கு இக்கடிதமே சான்று.

ஆனால் வேடிக்கை என்னவெனில், அக்கடிதத்தில் கேலிக்காக அடுக்கப்பட்ட சொற்களுள் 'செலிபிரேட்', 'கெப்பாசிட்டி', 'மண்டேன்', 'டெக்ஸ்டெரிட்டி' ஆகியவை இன்று எவரும் வியப்பின்றிப் பயன்படுத்தும் சொற்கள். 'இன்ஜென்ட்' போன்ற சில மட்டுமே மறைந்துபோயின. பென் ஜான்சனின் 'பொயட்டாஸ்டர்' என்னும் 1601ஆம் ஆண்டு நாடகத்திலும் இதே நிலைதான். அதில் ஒரு போலிக் கவிஞனுக்கு வாந்தி மருந்து கொடுக்கிறார்கள். அவன் தான் விழுங்கிய கடினச் சொற்களை ஒவ்வொன்றாகக் கக்குகிறான். சக நாடகாசிரியரான ஜான் மார்ஸ்டனைத் தாக்குவதற்காக எழுதப்பட்ட காட்சி அது. கக்கிய சொற்களுள் 'ஃபியூரிபண்ட்', 'ஆப்ஸ்டுபிஃபாக்ட்' ஆகியவை வழக்கிழந்தன. 'ஸ்ட்ரெனுவஸ்', 'கான்ஷியஸ்', 'ரெசிப்ரகல்' ஆகியவையோ இன்று பள்ளி மாணவருக்கும் தெரிந்தவை. ஆகவே குற்றம் சொல்லில் இல்லை. சொல்லின் பிறப்பிலும் இல்லை. எவ்விடத்தில், எத்தனை சொற்களை, எதற்காக அடுக்குகிறோம் என்பதில்தான் இருந்தது.

இலத்தீன் கலப்பே வேண்டாம் என்றவர்களும் இருந்தனர். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜான் சீக், ஆங்கிலம் பிறமொழிக் கலப்பின்றித் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்று 1557இல் ஒரு நண்பருக்கு எழுதினார். பைபிள் மொழிபெயர்ப்பில் 'செஞ்சூரியன்' என்பதற்கு 'ஹண்ட்ரடர்' என்று, அதாவது நூற்றுவன் என்பதுபோல், தனி ஆங்கிலச் சொல்லை ஆக்கிக்கொண்டார். தனித்தமிழ் இயக்கத்தின் வரலாற்றை அறிந்த நமக்கு இவ்வுணர்வு அந்நியமானதன்று. எனினும் ஆங்கிலம் அவர் காட்டிய வழியில் செல்லவில்லை. வந்த சொற்கள் தங்கிவிட்டன. அவற்றோடு ஒரு புதிய சமூகப் பிளவும் தங்கியது.

அப்பிளவு இதுதான். இலத்தீன் கற்றவனுக்கு இச்சொற்கள் பழகிய முகங்கள். வேரைக் கண்டு பொருளை ஊகித்துவிடுவான். இலத்தீன் கற்பித்தவையோ ஆண்பிள்ளைகளுக்கான இலக்கணப் பள்ளிகள். அப்பள்ளிகளுக்குள் நுழைய இயலாத பெண்களும், கைவினைஞர்களும், சிறு வணிகர்களும் தம் தாய்மொழியிலேயே அந்நியராயினர். தேவாலயத்தில் கேட்கும் பிரசங்கம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனால் பாதி புரிவதில்லை.

இவர்களுக்காகவே 1604இல் முதல் ஒருமொழி ஆங்கில அகராதி எனக் கருதப்படும் நூல் வெளிவந்தது. ஆக்கியவர் ராபர்ட் காட்ரி. பள்ளி ஆசிரியராகவும் திருச்சபைப் போதகராகவும் இருந்தவர். பியூரிட்டன் கருத்துகளுக்காகப் போதகர் பதவியை இழந்தவர். 'எ டேபிள் ஆல்ஃபபெட்டிகல்' என்னும் அச்சிறு நூலில் ஏறத்தாழ 2500 சொற்கள் இருந்தன. சீமாட்டிகளுக்கும் கல்வித் தேர்ச்சியற்ற பிறருக்கும் பயன்படும் பொருட்டு ஆக்கப்பட்டது என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருந்தனர். அகரவரிசையில் சொல்லைத் தேடுவது எப்படி என்றுகூட முன்னுரையில் விளக்க வேண்டியிருந்தது. முதற்பதிப்பின் ஒரேயொரு படி மட்டும் இன்று ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் எஞ்சியிருக்கிறது.

காட்ரியின் நூல் நம் பள்ளிப் பாடநூல்களின் 'அருஞ்சொற்பொருள்' பகுதியை ஒத்தது. இடப்பக்கம் கடினச் சொல், வலப்பக்கம் அதற்கீடான எளிய சொல் ஒன்றோ இரண்டோ, அவ்வளவே. எடுத்துக்காட்டு வாக்கியம் கிடையாது. ஆடம்பரச் சொற்களைத் தவிர்த்து எளிமையாகப் பேசுக என்னும் அறிவுரையை மட்டும் முன்னுரையில் சேர்த்திருந்தார்; அதையும் வில்சனின் நூலிலிருந்தே பெரிதும் எடுத்தாண்டிருந்தார். படித்துப் புரிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு அந்நூல் போதும். பிரசங்கத்தில் கேட்ட சொல்லுக்கு வாக்கியத்தைப் பிரசங்கியாரே தந்துவிட்டார். பொருள் மட்டுந்தான் வேண்டும்.

இடர்ப்பாடு, மக்கள் அச்சொற்களைத் தாமே எழுதவும் பேசவும் விரும்பியபோது தொடங்கியது. 1616இல் ஜான் புல்லோக்கர் என்னும் மருத்துவர் இன்னும் விரிவான அருஞ்சொல் அகராதியை வெளியிட்டார். 1623இல் ஹென்றி காக்கரம் வெளியிட்ட அகராதியோ ஒரு படி மேலே சென்றது. அதன் முதற்பகுதி வழக்கம்போல் கடினச் சொற்களுக்கு எளிய பொருள் தந்தது. இரண்டாம் பகுதி அதைத் தலைகீழாக்கியது. எளிய சொல்லை முதலில் தந்து, நாகரிகமாக எழுத விழைவோர் அதற்குப் பதிலாக இடவேண்டிய கடினச் சொல்லை எதிரே தந்தது. வீட்டுச் சொல்லைக் கழற்றிவிட்டு விழாச் சொல்லை மாட்டிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் இங்கே அச்சேறியது. காக்கரம் இலத்தீன் அகராதிகளிலிருந்து நேரே இறக்கிய சொற்களும் அதில் உண்டு. மாட்டிடையனைப் போலக் கூவுதல் என்று பொருள்படும் 'புபல்சிட்டேட்' என்றொரு சொல்லை அதில் காணலாம். அச்சொல்லை ஓர் ஆங்கில வாக்கியத்தில் கேட்ட இடையனும் இல்லை, மாடும் இல்லை.

ஒரு சொல்லைத் தூக்கிவிட்டு அதன் இடத்தில் அதே பொருளுள்ள இன்னொன்றை வைக்கலாகாதா என்று கேட்கலாம். தமிழிலேயே பார்ப்போம். நடத்தல், நேர்தல் இரண்டும் நிகழ்தலைக் குறிப்பன. 'விபத்து நடந்தது' என்கிறோம். 'விபத்து நேர்ந்தது' என்றும் சொல்கிறோம். 'திருமணம் நடந்தது' என்கிறோம். 'திருமணம் நேர்ந்தது' என்று அழைப்பிதழில் அச்சிட்டால் பெண் வீட்டார் சண்டைக்கு வருவர். 'பலத்த மழை' உண்டு, 'கடும் வெயில்' உண்டு. 'பலத்த வெயில்' இல்லை. இவ்விதிகளை நமக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை. ஆயிரக்கணக்கான வாக்கியங்களைக் கேட்டுக் கேட்டே அறிந்தோம். பட்டியல் தர இயலாதது இவ்வறிவைத்தான்.

அகராதிக்குள் வாக்கியத்தைப் பெருமளவில் கொண்டுவந்த பெருமை சாமுவேல் ஜான்சனுடையது. 1746இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, லண்டன் காஃப் சதுக்கத்து வீட்டில் ஆறு உதவியாளர்களுடன் உழைத்து, 1755 ஏப்ரலில் தம் அகராதியை இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். நூல்களைப் படித்துக்கொண்டே சொல்லைப் பென்சிலால் அடிக்கோடிடுவார். உதவியாளர்கள் அவ்வாக்கியத்தைப் படியெடுப்பர். இவ்வாறு 42,000க்கும் மேற்பட்ட சொற்களுக்கு ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்கள் சேர்ந்தன. கடினச் சொற்களுக்குப் பொருள் எழுதுவது எளிது, எளிய சொற்களுக்கு எழுதுவதே கடினம் என்பதையும் அவர் கண்டுகொண்டார். 'டேக்' என்னும் சிறு வினைக்கு மட்டும் 130க்கும் மேற்பட்ட பொருள் வேறுபாடுகளைப் பிரித்துக் காட்டினார்.

அவ்வகராதியின் விலை நான்கு பவுன் பத்து ஷில்லிங். எளியோர் எட்டிப் பார்க்கவும் இயலாத விலை. ஆகவே 1756இல் பத்து ஷில்லிங் விலையில் சுருக்கப் பதிப்பு ஒன்று வந்தது. பெரிய பதிப்பைவிட அதுவே மிகுதியாக விற்றது. சுருக்குவதற்கு எதை நீக்கினார்கள் தெரியுமா? மேற்கோள் வாக்கியங்களை! மேற்கோளுக்குரிய ஆசிரியரின் பெயரை மட்டும் விட்டுவைத்தனர். செல்வர் வீட்டு அகராதியில் சொல் வாக்கியத்தோடு இருந்தது. எளியவன் வாங்கிய அகராதியில் சொல்லும் பொருளும் மட்டுமே எஞ்சின. இக்கட்டுரை சொல்லவந்த செய்தி முழுவதும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கிவிடுகிறது எனலாம்.

இருபதாண்டுகள் கழித்து, 1775 ஜனவரி 17 அன்று, லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' நாடகம் மேடையேறியது. அதில் வரும் மாலப்ராப் சீமாட்டி பெரிய சொற்களின் மீது தீராத காதல் கொண்டவள். ஆற்றங்கரை முதலையைக் குறிக்கும் 'ஆலிகேட்டர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் உருவகக் கதையைக் குறிக்கும் 'ஆலிகரி' என்பாள். சிகரத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பதில் அன்னாசிப் பழத்தைச் சொல்வாள். அரங்கம் சிரித்தது, பின்னாளில் இவ்வகைப் பிழைக்கே 'மாலப்ராபிஸம்' என்னும் பெயர் நிலைத்தது. ஷேக்ஸ்பியரின் காவலன் டாக்பெரியும் இவ்வாறே சொற்களை மாற்றிப் பேசியவன்தான்.

இவ்விருவரும் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் பெண், மற்றவர் ஊர்க்காவலர். இலத்தீன் பள்ளிக்குள் இருவருக்கும் இடமில்லை. காட்ரி எவருக்காக அகராதி செய்தாரோ அவர்களே, ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், மேடையில் நகைப்பொருளாக நின்றனர். இதில் மற்றுமொரு செய்தி: ஷெரிடனின் தந்தை தாமஸ் ஷெரிடன் பேச்சுக்கலை ஆசிரியர், சரியான உச்சரிப்பைக் கற்பிக்கும் அகராதி ஒன்றை 1780இல் வெளியிட்டவர். சரியாகப் பேசக் கற்பிப்பது தந்தையின் தொழில். தவறாகப் பேசுவோரைக் கண்டு சிரிக்கவைத்தது மகனின் கலை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்விரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

இச்சிரிப்பு அடுத்து கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. 1835இல் மெக்காலேயின் குறிப்பு. 1844இல் ஆங்கிலம் கற்றவருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரும் ஹார்டிஞ்சின் தீர்மானம். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள். பணி வேண்டுமெனில் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும். பழைய ஆங்கில இலக்கியங்களும் அகராதியுமே மூலதனமாக, ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சைக் கேட்க வாய்ப்பற்ற தலைமுறை ஒன்று எழுதத் தொடங்கியது. லிங்கன்ஷயர் விண்ணப்பதாரர் வங்காளத்தில் மறுபிறவி எடுத்தார்.

'பாபு இங்கிலீஷ்' என்று அதற்கொரு பெயரிட்டு ஆங்கிலேயர் நகைத்தனர். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஒனூகூல் சந்திர முகர்ஜியின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய உறவினர் ஒருவர் எழுதி 1873இல் வெளியிட்டார். துயரத்தோடு எழுதப்பட்ட அந்நினைவு நூல், இலத்தீன் தொடர்களும் மரபுத்தொடர்களும் அருஞ்சொற்களும் நெருக்கியடித்து நின்ற காரணத்தால், நகைச்சுவை நூலாகவே ஆங்கிலேயரிடம் பெயர்பெற்றது. மார்க் ட்வைன் தம் 1897ஆம் ஆண்டுப் பயண நூலில் அதிலிருந்து பகுதிகளை எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் எஃப். ஆன்ஸ்டே 'பாபு ஜாபர்ஜி' என்னும் கற்பனைப் பாத்திரத்தை முன்வைத்து ஒரு நகைச்சுவைப் புதினமே வெளியிட்டார். அதற்கு முன்பே, 1891இல், இந்தியர் எழுதிய இத்தகைய கடிதங்களைத் திரட்டி ஆர்னால்டு ரைட் ஒரு தொகுப்பு வெளியிட்டிருந்தார். அக்கடிதங்களில் பல பிழைப்புக்கான மன்றாட்டுகள் என்பதை மறக்கலாகாது. அந்த எழுத்தர்கள் சொற்பொருளில் தவறியது குறைவு. துக்கத்துக்குரிய சொல்லருகே கேளிக்கைக்குரிய சொல்லை வைத்தனர், அவ்வளவே. அதைத் தவிர்க்கும் வழியைச் சொல்லித்தரும் நூல் ஒன்றுகூட அப்போது உலகில் இல்லை.

அத்தகைய நூலுக்கான வித்து இங்கிலாந்துக்கு வெளியேதான் விழுந்தது. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டைக் கண்டு, 1935இல் எண்டிகாட்டுடன் சேர்ந்து புதுவகை அகராதி ஒன்றைச் செய்தார். ஏறத்தாழ 24,000 பதிவுகளை 1,490 எளிய சொற்களை மட்டுமே கொண்டு அது விளக்கியது. ஜப்பானில் பணியாற்றிய ஹெரால்டு பாமர், எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்னும் சொற்சேர்க்கைகளைத் திரட்டி 1933இல் அறிக்கை வெளியிட்டார். லாகூரில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு லண்டன் திரும்பிய ஜே.ஆர். ஃபிர்த், ஒரு சொல்லின் பொருளில் ஒரு பங்கு அதன் வழக்கமான தோழமைச் சொற்களில் உள்ளது என்பதைக் கோட்பாடாகவே வகுத்தார்.

முழு வடிவம் தந்தவர் ஏ.எஸ். ஹார்ன்பி. இவரும் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் தொகுத்த அகராதி, ஜப்பானும் பிரிட்டனும் போரிட்டுக்கொண்டிருந்த 1942இல் டோக்கியோவில் வெளியானது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை மறுபதிப்பாகக் கொணர்ந்தது. நம் மாணவர் பலரும் அறிந்த 'அட்வான்ஸ்டு லேனர்ஸ்' அகராதி அதன் வழித்தோன்றல்தான்.

ஹார்ன்பி என்ன செய்தார்? 'அட்வைஸ்', 'ஸஜெஸ்ட்' ஆகிய இரண்டுக்கும் நாம் 'யோசனை கூறு' என்று பொருள் சொல்லிவிடலாம். ஆனால் 'அட்வைஸ்' என்பதை அடுத்து ஆளைக் குறிக்கும் சொல்லும், அதை அடுத்து 'டு' சேர்ந்த வினையும் வரலாம். 'ஸஜெஸ்ட்' அவ்வமைப்பை ஏற்காது. எந்த வினை எந்த வாக்கிய அமைப்பை ஏற்கும் என்பதை எண்ணிட்டு, ஒவ்வொரு வினைக்கும் குறித்துக் காட்டினார். எண்ணத்தகும் பெயர், எண்ணத்தகாப் பெயர் என்றும் குறியிட்டார். 'இன்ஃபர்மேஷன்' பன்மை ஏற்காது என்பது அகராதியைப் பார்த்தவுடனே விளங்கியது. ஆங்கிலேயர் எவருக்கும் இக்குறிப்பு தேவையில்லை. ஆகவேதான் ஆங்கிலேயருக்காக ஆங்கிலேயர் செய்த அகராதிகளில் இது இடம்பெறவில்லை. 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான 'கோபில்ட்' அகராதி இன்னும் ஒரு படி சென்றது. கணினியில் திரட்டிய உண்மையான வாக்கியங்களை அடிப்படையாகக் கொண்டு, பொருளையே முழு வாக்கியமாக எழுதியது.

தேர்வுகளோ அகராதிகளுக்குப் பின்தங்கியே நடந்தன. அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் செல்ல விரும்பிய நம் பொறியியல் மாணவர்கள், ஜி.ஆர்.ஈ. தேர்வுக்காக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைப் பட்டியல் பட்டியலாக மனனம் செய்த காலம் ஒன்றிருந்தது. எதிர்ச்சொல் கூறுக, சொல்லிணை காண்க என்னும் வினாக்களுக்கு அது உதவியது. 2011 ஆகஸ்டில் அத்தேர்வு அவ்விரு வகை வினாக்களையும் கைவிட்டு, வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை நிரப்பும் வினாக்களுக்கு முதன்மை தந்தது. எஸ்.ஏ.டி. தேர்வும் 1994இல் எதிர்ச்சொற்களையும் 2005இல் சொல்லிணைகளையும் விட்டொழித்தது. காட்ரியின் பட்டியலுக்கு அளிக்கப்பட்ட மிக நீண்ட பிரிவுபசாரம் எனலாம் அதை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்கவை இரண்டு. முதலாவது, நடைமுறை சார்ந்தது. புதிய ஆங்கிலச் சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது பொருளை மட்டும் எழுதிவைப்பது 1604இல் நின்றுவிடுவதாகும். அச்சொல்லைச் சந்தித்த வாக்கியத்தையும் சேர்த்தெழுத வேண்டும். அத்தகைய மூன்று நான்கு வாக்கியங்கள் சேரும்வரை அச்சொல்லைப் படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நலம். 'எக்ரீஜியஸ்' என்பது ஒருகாலத்தில் 'தனிச்சிறப்புடைய' என்று புகழ்வதற்கும் வழங்கியது. இன்று மாபெரும் பிழைகளுக்கும் அநீதிகளுக்கும் மட்டுமே அடைமொழியாகிறது. எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதை இன்றைய வாக்கியங்களே காட்டும்.

இரண்டாவது, ஏதோ ஒரு நேர்காணலில், ஏதோ ஒரு விண்ணப்பத்தில், பொருந்தாத இடத்தில் ஒரு பெரிய சொல்லைக் காணும்போது நமக்கு எழும் சிரிப்பைப் பற்றியது. அச்சொல்லை எழுதியவர் அதைத் தேடிப் பிடித்திருக்கிறார், பொருளை அறிந்திருக்கிறார், தமக்கு எட்டாத உயரத்திலிருந்த ஒன்றை எட்டிப் பறித்திருக்கிறார். வாக்கியங்கள் நிறைந்த வீட்டில் பிறக்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கு இல்லை. பிழையைத் திருத்துவோம், தேவையான வாக்கியங்களைக் கொடுப்போம். சிரிக்கும் பணியைக் கோவென்ட் கார்டன் அரங்கம் 1775லேயே போதுமான அளவு செய்து முடித்துவிட்டது.